பிடியரிசிப் பானையும் இல்லறச் செலவும்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிலே உலை வைக்க அரிசி அளக்கும் வேளையில் ஒரு வழக்கம் இருந்து வந்தது. சுண்டினால் அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னர், வீட்டுத் தலைவி அதிலிருந்து ஒரு பிடியை அள்ளிச் சுவாமி அறையோரம் வைத்திருக்கும் சிறு பானையிலே போடுவார். வாயிலே ஐந்தெழுத்து, கையிலே அரிசி. இதற்குப் பிடியரிசி என்று பெயர். மாத முடிவிலோ திருவிழாக் காலத்திலோ அந்தப் பானை அரிசி கோயில் மடைப்பள்ளிக்கும், அன்னதான மடத்துக்கும், சில வேளைகளில் பாடசாலைக்கும் போய்ச் சேரும். வண்ணார்பண்ணையிலே 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு, வீடு வீடாகப் பெற்ற பிடியரிசி கைகொடுத்தது என்பது நாவலர் வரலாற்றிலே வரும் செய்தி.

ஒரு பிடி என்பது ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் ஒரு வீட்டிலிருந்து 18 கிலோவுக்குச் சற்று மேலே சேரும். நூறு குடும்பங்கள் உள்ள ஒரு குறிச்சியில் அது 1800 கிலோவைத் தாண்டும். அந்த நூறு வீடுகளில் எந்த வீட்டிலாவது அந்த ஒரு பிடியினால் ஒரு வாய் சோறு குறைந்தது என்று யாரும் முறையிட்டதில்லை. உலையிலே போன பின்னர் ஒரு பிடி கூடியதோ குறைந்ததோ எவருக்கும் தெரிவதில்லை.

இந்த வழக்கத்திலே கவனிக்கவேண்டியது அளவு அன்று, ஒழுங்கு. பிடியரிசி சோறு மிஞ்சினால் எடுப்பதல்ல. சமைப்பதற்கு முன்னரே எடுப்பது. மிஞ்சியதை எடுக்கலாம் என்று வைத்திருந்தால் அந்தப் பானை ஒருநாளும் நிறைந்திராது. சம்பளக் காசிலும் இதே கதைதான். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்று எண்ணும் வீட்டில் மாதக் கடைசியில் மிஞ்சுவது கடைக்காரரின் கடன் கொப்பி மாத்திரமே. காசு கைக்கு வந்த அன்றே, சிறு தொகையானாலும், தபாலகத்திலோ வங்கியிலோ போட்டுவிட்டு மீதியைக் கொண்டு சீவிப்பவருக்கு அந்த மீதி போதுமானதாகி விடுகிறது. எமது மூதாட்டிகளுக்கு வங்கிப் புத்தகம் இருக்கவில்லை. ஆனால் முதலில் எடுத்துவை என்ற பாடத்தை அரிசியிலே அவர்கள் படித்திருந்தார்கள்.

சிக்கனம் என்றதும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சிக்கனக்காரனை உலோபி என்று சொல்லிவிடுவதும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. உலோபி தானும் உண்ணான், பிறருக்கும் கொடான். அவன் காசை அவனது பிள்ளைகளும் சபித்துக்கொண்டே எடுப்பார்கள். சிக்கனக்காரன் வீண் போக்கை அடைக்கிறான். அடைத்ததனால் நின்ற தண்ணீரை வேண்டிய பாத்திக்குத் திருப்புகிறான். தோட்டத்துக்கு இறைப்பவருக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஒழுங்கையிலே தண்ணீர் ஓடினால் மண்வெட்டியோடு ஓடிப்போய் மண் அணைக்கிறவரை எவரும் கஞ்சன் என்று சொல்வதில்லை.

இல்லறத்தானுக்குத் திருவள்ளுவர் ஐந்து பேரைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். மறைந்த முன்னோர், தெய்வம், வீடு தேடி வந்த விருந்தாளி, உறவினர், கடைசியிலே தானும் தன் குடும்பமும். இத்தனை பேருக்கும் ஒரே வருமானத்திலிருந்து பங்கு வைக்கவேண்டியவன் கைபோனபடி செலவு செய்ய முடியாது. இன்னொன்றும் சிந்திக்கத் தக்கது. வரவுக்கு அளவாகச் செலவிடவேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்திச் சொல்லும் இடம் இல்லறவியலிலே இல்லை. பொருட்பாலிலே, வலியறிதல் என்ற அதிகாரத்திலே இருக்கிறது. அரசன் பகைவன் மேலே போகுமுன் தன் வலிமையை எடைபோடவேண்டும் என்று சொல்லும் இடத்தில்தான் வரவு செலவுக் கணக்கும் வருகிறது. கணக்குத் தெரியாத வீட்டைப் படை இல்லாத கோட்டையாகவே அவர் கண்டிருக்கவேண்டும்.

காசைப் பற்றிப் பேசுவது பக்திக்கு ஏற்றதல்ல என்று எண்ணுகிறவர்கள் பெரியபுராணத்தில் வரும் திருவீழிமிழலைச் செய்தியைக் கேட்கவேண்டும். நாட்டிலே பெரும் பஞ்சம் வந்தது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தத்தமது அடியார் கூட்டத்தோடு அவ்வூரிலே தங்கியிருந்தனர். அடியார்கள் பசியால் வாடாதிருக்க, இறைவன் கோயிலின் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினார். அந்தக் காசைக் கடையிலே மாற்றிப் பண்டம் வாங்கி இரு மடங்களிலும் அமுது படைத்தார்கள். சில நாள் சென்றதும் சம்பந்தருக்கு ஒரு விடயம் தென்பட்டது. அப்பர் மடத்திலே அடியார்கள் நேரத்தோடு உண்கிறார்கள்; தமது மடத்திலோ சாப்பாடு பிந்துகிறது. ஏன் என்று சமையல் செய்வாரை அழைத்துக் கேட்டார். அப்பர் பெருமானின் காசை வணிகர்கள் வட்டம் பிடியாமல் ஏற்கிறார்கள். இங்கே தரும் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள், அதைப் பேசித் தீர்த்துப் பண்டம் வாங்கி வர நேரமாகி விடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்குக் கிடைப்பது நற்காசு என்பதை உணர்ந்த சம்பந்தர், வட்டம் தீர்ந்த காசு தரும்படி பதிகம் பாடி வேண்டினார். அதன் பின் அவருக்கும் நற்காசே கிடைத்தது.

இந்த வரலாற்றை அற்புதம் என்று மாத்திரம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிலுள்ள வீட்டுப் பாடத்தைத் தவறவிடுகிறார்கள். காசு கொடுப்பவர் கடவுள்; பெறுபவர் ஞானக் குழந்தை. அப்படியிருந்தும், சாப்பாடு ஏன் பிந்தியது, காசு எங்கே குறைந்தது என்ற கேள்வி அந்த மடத்திலே எழுந்தது. கேட்டவருக்கும் அது இழுக்காகப் படவில்லை, கேட்கப்பட்டவரும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு எத்தனை வீடுகளில் கணவன் மனைவியிடமோ மனைவி கணவனிடமோ இந்தக் கேள்வியைக் கேட்கமுடிகிறது? கேட்டால் சண்டை. அதனால் கேட்பதில்லை. ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்று மாற்றினால் மாலைக்குள் அது போன இடம் தெரிவதில்லை. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, ஒரு மாதத்துக்கு மாத்திரம், வீட்டிலே செலவான ஒவ்வொரு ரூபாவையும் அன்றன்றே எழுதிப் பார்க்கட்டும். எவர் மேலும் குற்றம் சாட்டத் தேவையில்லை, கொப்பியே சொல்லிவிடும். பெரும்பாலும் அரிசியும் மாவும் சீனியும் வீட்டைக் கவிழ்த்திருக்காது. சந்திக் கடைப் பிளேன்ரீயும், கைத்தொலைபேசிக்குப் போடும் மீள்நிரப்பு அட்டையும், சந்தைக்குப் போனபோது கண்ணிலே பட்டதென்று வாங்கிவந்த பிளாஸ்ரிக் சாமான்களுமே கவிழ்த்திருக்கும்.

வட்டம் என்று அன்றைய வணிகர் பிடித்ததை இன்று வட்டி என்ற வேறொரு உருவத்திலே எமது கிராமங்கள் காண்கின்றன. நூற்றுக்கு ஐந்து வட்டி என்று சொல்லும்போது அது சிறு தொகை போலக் காதிலே விழுகிறது. அது மாதத்துக்கு. வருடத்துக்கு அது நூற்றுக்கு அறுபது. ஐம்பதாயிரம் ரூபா கடன்பட்டவர் மாதம் 2500 ரூபா கட்டிக்கொண்டே வந்து, வருட முடிவில் முப்பதாயிரம் கொடுத்து முடித்திருப்பார். ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் வடக்கு கிழக்குக் கிராமங்களுக்குள் வீட்டு வாசலிலேயே வந்து நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பெருகின. பிணை கேட்பதில்லை, ஐந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்து வைத்தாற் போதும். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும். கட்டக் கட்ட முதல் குறைந்தாலும், பல இடங்களில் வட்டியைத் தொடக்கத்திலே வாங்கிய முழுத் தொகைக்கும் கணக்கிட்டிருந்தார்கள். அப்படிக் கணக்கிட்டால் சொல்லும் வட்டியிலும் உண்மை வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று போய், கடன் அறவிட வருகிறவரைக் கண்டால் பின்வளவுக்குள் ஒளித்த தாய்மாரும் உண்டு, அதற்கும் அப்பால் போய் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே தலையிட்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அத்தனை தூரத்துக்கு அது முற்றியிருந்தது.

கடன் எல்லாமே தீது என்று சைவம் சொல்லவில்லை. தையல் இயந்திரம் வாங்க, தோட்டத்துக்குத் தண்ணீர்ப் பம்பி வாங்க, பிள்ளையின் படிப்புக்கு என்று வாங்கும் கடன் உழைத்துத் தன்னைத் தானே கட்டும். கொண்டாட்டத்துக்கு வாங்கிய கடன் உழைப்பதில்லை. பந்தல் கழற்றிய மறுநாளே கொண்டாட்டம் முடிந்துவிடும், கடன் முடியாது. அடைவு வைத்த நகையும் அப்படித்தான். மூன்று மாதத்திலே மீட்கலாம் என்று வைத்த தாலிக்கொடி, வட்டி கட்டிக் கட்டித் திருப்பி வைத்துக் கடைசியில் ஏலத்துக்குப் போன கதை இல்லாத ஊர் இல்லை. சீட்டு ஒரு நல்ல ஏற்பாடு; நம்பிக்கையான ஒருவர் பொறுப்பிலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் சிறு சீட்டினால் கூரை போட்ட வீடுகளும் கிணறு கட்டிய வளவுகளும் பல. ஆனால் முதற் சீட்டை எடுத்தவர் எடுத்த நாளிலிருந்து கடன்காரர் என்பதை மறந்துவிடக்கூடாது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டுச் சீட்டுக் காசில் தவணை கட்டலாம் என்று கணக்குப் போட்ட இளைஞர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள்.

நாயன்மார் வரலாறுகளைக் காட்டிக் கடன்பட்டுக் கோயிற் செலவு செய்வதை நியாயப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். திருக்கடவூரிலே குங்கிலியக்கலயர் நெல் வாங்கவென்று மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியை வழியிலே கண்ட வணிகனிடம் கொடுத்துக் குங்கிலியம் வாங்கவில்லையா என்று கேட்பார்கள். வாங்கினார். அவரிடம் இருந்ததைக் கொடுத்தார். ஊரார் பார்த்து வியக்கவேண்டும் என்றோ, பக்கத்து உபயகாரரின் புகையிலும் தமது புகை கூடவேண்டும் என்றோ கொடுக்கவில்லை. அன்றிரவு அவர் பிள்ளைகள் பசியோடு படுத்தார்கள் என்பதையும் சேக்கிழார் மறைக்காமல் சொல்கிறார். அது அன்பின் எல்லையிலே நின்ற ஒருவரின் செயல். அதை எடுத்துக்காட்டி மின்விளக்கு அலங்காரத்துக்குக் கடன்படுவது பொருத்தமாகாது.

இல்லறத்தாருக்கு நேராகப் பொருந்தும் வரலாறு அரிவாட்டாயருடையது. கணமங்கலத்திலே செல்வராக இருந்த அவர் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்கு நாள்தோறும் நிவேதித்து வந்தார். செல்வம் போயிற்று. கூலிக்கு நெல் அறுக்கப் போனார். அப்போது அவர் வைத்த ஒழுங்கு என்னவென்றால், செந்நெல் கூலியாகக் கிடைத்தால் அது இறைவனுக்கு, கார்நெல் கிடைத்தால் அது வீட்டுக்கு. இரண்டு நெல்லும் ஒன்றிலே கலக்கவில்லை. வறுமையிலும் இரண்டு கணக்கு. படிப்புக்கென்று ஒதுக்கியதைக் கலியாண வீட்டு மொய்க்கு எடுத்து, கூரை ஓடு மாற்ற வைத்ததைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொடுத்து, பின்னர் எதற்கும் இல்லாமல் நிற்கும் வீடுகள் இந்த இரண்டு கணக்கை எண்ணிப் பார்க்கவேண்டும். நான்கு பழைய மா ரின்களிலே நான்கு தாள் ஒட்டி, படிப்பு, வருத்தம், வீடு, தருமம் என்று எழுதி வைத்தாலே போதும். ஒரு ரின்னுக்குள் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றும்போது கை கொஞ்சமாவது தயங்கும்.

இனி, இளையான்குடி மாற நாயனார் வீட்டுச் சமையலறை. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலும் நாயனாரைப் பற்றியே பேசுகிறார்கள். அவருடைய மனைவியாரைப் பற்றிப் பேசுவது குறைவு. செல்வம் எல்லாம் அடியார்களுக்குச் சோறிட்டே கரைந்தது. கடனும் தருவாரில்லை. மழை கொட்டும் நள்ளிரவில் பசியோடு ஓர் அடியார் வந்து நிற்கிறார். வீட்டிலே ஒரு மணி அரிசி இல்லை. என்ன செய்வோம் என்று நாயனார் கலங்குகிறார். வழி சொன்னவர் மனைவியார். பகலிலே விதைத்த நெல் மழைநீரில் மிதந்து வயலோரம் ஒதுங்கியிருக்கும், அதை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்றார். நாயனார் கூடையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு இருட்டிலே காலால் தடவித் தடவிப் போய் வாரி வந்தார். அம்மையார் அதைக் கழுவினார். விறகு இல்லை என்றார்; நாயனார் வீட்டுக் கூரைக் கழிகளை அறுத்து விழுத்தினார். ஈர நெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலையிலே இட்டார். கறிக்கு என்ன செய்வது? கொல்லையிலே முற்றி வளராத கீரையைத் தடவிப் பிடுங்கி வந்து கொடுத்தார் நாயனார். அந்த ஒரு கீரையைத் தமது கைத்திறத்தினாலே வெவ்வேறு கறிகளாகச் சமைத்தார் அம்மையார்.

ஒரே கீரை, பல கறி. விருந்தாளிக்கு முன்னே இலை வெறுமையாகத் தோன்றக் கூடாது. அதே வேளை வீட்டிலே இருப்பது இது ஒன்றுதான். ஒன்றைக் கடைந்து, ஒன்றை வதக்கி, தண்டை வேறாக்கி, புளிவிட்டு என்று அந்த இருட்டிலே அவர் என்னென்ன செய்தாரோ! இல்லாததைக் காட்டி அழாமல், இருப்பதைப் பிரித்துப் பார்த்த கண் அவருக்கு இருந்தது. இந்தக் கண் எமது பெண்களுக்கும் இருந்தது என்பதற்கு யாழ்ப்பாணத்து அடுக்களையே சாட்சி. தேங்காய்ப் பூவிலே முதற்பால் ஒரு கறிக்கு, இரண்டாம் பால் இன்னொன்றுக்கு, கப்பிப்பாலிலே காய் அவியும், பிழிந்த சக்கை கோழிக்குப் போகும். வேப்பம்பூ உதிரும் காலத்தில் அதைக் கூட்டி அள்ளி வடகம் போட்டுவிடுவார்கள். கசக்கிற பூவுக்குக் காசு கொடுப்பதில்லை. பனையிலே விழுந்த பழம் பனாட்டாகும். பனங்கொட்டை பாத்தியிலே போய்க் கிழங்காகும், கிழங்கு ஒடியலாகும், ஒடியல் மாவாகும், மா கூழாகும். முந்திய நாட் சோறு தண்ணீரூற்றி வைத்துக் காலையில் தயிரும் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்ந்து பழஞ்சோறாகும். வேலியோர முருங்கையில் காய் ஒரு நாள், இலை ஒரு நாள்.

1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டிலே மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் நெருப்புப் பெட்டியும் தடைப்பட்ட பொருட்கள் ஆனபோது அந்தக் கண்தான் உயிர் காத்தது. வெறும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஒரு சிறு திரியை ஏற்றினார்கள். காற்றுக்கு அணையாது, சொட்டு எண்ணெயிலே இரவு முழுவதும் எரியும். அந்த விளக்கிலே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். பனம்பழத்தாலே உடுப்புத் தோய்த்தார்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதுமே எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையிலே நின்றது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. அந்த நாட்களில் வடக்கிலே பல பாட்டிமார் பதறவில்லை. பரணிலே கிடந்த சுளகையும் அம்மியையும் இறக்கினார்கள், கிணற்றடியிலே பொன்னாங்காணித் தண்டை ஊன்றினார்கள், சூட்டடுப்பை மெழுகினார்கள்.

ஆனாலும் நெருக்கடி தீர்ந்ததும் பழைய கை திரும்பி வந்துவிடுகிறது. மின்கட்டணத்தையே பாருங்கள். மாதம் 60 அலகு என்பது ஒரு வேலி. அதற்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விகிதம். தாண்டிவிட்டால் தாண்டிய அலகுக்கு மாத்திரமல்ல, முன்னே எரித்த அலகுகளுக்கும் கூடிய விகிதம் விழுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. விகிதங்கள் காலத்துக்குக் காலம் மாறினாலும் இந்தப் படிமுறை அப்படியே இருந்து வருகிறது. 60 வாற்று இழைக் குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்றரை அலகைக்கூடத் தொடாது. வேலிக்கு அருகில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த ஏழரை அலகு பெரிய காரியம். பாடசாலை உடுப்புகளை நாளுக்கு ஒன்றாக மினுக்குவதைவிட ஞாயிற்றுக்கிழமை ஒரே சூட்டிலே ஐந்து நாளுக்கும் மினுக்கி வைப்பது நல்லது. மானி வாசிக்க வருகிறவர் போன பின்பு துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதிலும், மாத நடுவிலே ஒரு முறை மானியைத் தாமே பார்ப்பது மேல்.

சந்தைக்குப் போகும்போது துண்டு எழுதிக்கொண்டு போகவேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்பதெல்லாம் பலரும் சொல்வதுதான். பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்றும் சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு சரியல்ல. கூட்டிப் போகவேண்டும். திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகம் சந்தையிலோ அம்மா கத்தரிக்காய்க்கு விலை பேசி, இரண்டு கடை தள்ளிப் போய், மறுபடி வந்து வாங்குவதைப் பார்த்த பிள்ளைக்குப் பின்னர் காசின் அருமையை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பும் காசிலே வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். கனடாவிலே இரவுச் சிப்ற் செய்து, பனியிலே நடந்து வந்து உறங்காமல் சேர்த்த காசு அது. இங்கே வந்து சேரும்போது அதில் அந்தக் குளிர் தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை சடங்குகளிலே இருக்கிறது. பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், இரண்டு வீடியோ, நான்கு சேலை மாற்று, அல்பம், வெளியூர்ச் சமையல், வந்தவருக்கெல்லாம் பெட்டியிலே பலகாரம். மாமனும் மாமியும் பாலறுகு வைத்து, தோய வார்த்து, ஆரத்தி எடுத்து முடிக்கவேண்டிய வீட்டுச் சடங்கு ஊர்த் திருவிழாவாகிவிட்டது. பக்கத்து வீட்டார் செய்தார்கள், செய்யாவிட்டால் என்ன சொல்வார்கள் என்பதே காரணம். சொல்கிறவர்கள் மூன்று நாள் சொல்வார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை உயர்தரத்தில் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் போகும்போது விடுதிக்கும் புத்தகத்துக்கும் காசு தேடி அலையும் தகப்பனுக்கு அவர்களில் ஒருவரும் வந்து கைமாற்றுக் கொடுப்பதில்லை. இதையெல்லாம் அறிந்த தாய்மாரே மண்டபம் பதிவுசெய்யப் போகிறார்கள் என்பதுதான் வேதனை. அந்தியேட்டியிலும் இந்த ஆரவாரம் புகுந்துவிட்டது. மறைந்தவருக்குச் செய்யவேண்டியது பிண்டமும் தானமும் பிரார்த்தனையும், பந்தியிலே எத்தனை கறி என்பதல்ல.

கோயிலும் இதற்கு விலக்கல்ல. யாழ்ப்பாணக் கோயில்களிலே நடந்த வீண் ஆரவாரங்களை நாவலர் தமது காலத்திலேயே கடுமையாகக் கண்டித்தார். 1872ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்ப்பாணச் சமயநிலை என்ற அவரது பிரசுரம் அதற்குச் சான்று. ஆறாந் திருவிழா உபயகாரர் நான்கு கூட்டம் மேளம் பிடித்தால் ஏழாந் திருவிழா உபயகாரர் ஆறு கூட்டம் பிடிக்கவேண்டும் என்ற போட்டி சுவாமிக்காக எழுந்ததல்ல. அன்னதானத்திலே இலை நிறைய வாங்கிப் பாதியைக் குப்பையிலே கொட்டுவதும் தானத்தைக் குறைப்பதே. மடத்திலே பரிமாறுகிறவர்கள் முதலிலே குறைவாக வைத்து, கேட்டுக் கேட்டு இடுவது நல்ல வழக்கம். பல ஊர்களிலே ஒரு திருவிழாவைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஏற்கின்றன. ஒரு வீட்டார் பால், ஒரு வீட்டார் வாழைக்குலை, ஒருவர் தென்னையிலிருந்து இளநீர், வசதி குறைந்த ஒருவர் விடியப்புறம் வந்து வீதி கூட்டிப் பூப்பறித்து மாலை கட்டிக் கொடுக்கிறார். அவர் பெயரும் அர்ச்சனையிலே சேர்கிறது. உழவாரம் பிடித்த கைக்குத்தான் திருவீழிமிழலையிலே வட்டமில்லாக் காசு கிடைத்தது.

காசே இல்லாதவர் என்ன செய்வது? திருநின்றவூரிலே பூசலார் கோயில் கட்டப் பொருள் தேடிப் பலரிடம் போனார். கிடைக்கவில்லை. திரும்பி வந்து மனத்திலேயே பொருள் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவும் உறங்காமல் விமானமும் சிகரமும் எடுத்தார், மதில் சுற்றினார், கிணறு எடுத்தார், குளமும் தொட்டார். மனத்திலே கட்டுகிற கோயில்தானே என்று ஒரு படியையும் தாண்டவில்லை. குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளிலே காஞ்சியிலே பல்லவ மன்னன் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். இறைவன் அவன் கனவிலே தோன்றி, அன்று பூசலன் கோயிலிலே இருப்போம், நீ வேறொரு நாள் வைத்துக்கொள் என்றார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து அந்தப் பெருங்கோயில் எங்கே என்று விசாரித்தான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்றார்கள் ஊரார். பூசலாரைத் தேடிக் கேட்டபோது அவர் திகைத்து, பொருள் இல்லாமையால் உள்ளத்திலே கட்டியதைச் சொன்னார். மன்னன் நிலமுற விழுந்து அவரை வணங்கித் தன் நகருக்குத் திரும்பினான். திருநின்றவூரிலே இன்று இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே கருவறையில் சிவலிங்கத்தோடு பூசலாரின் திருவுருவமும் உண்டு.